ஐந்தாவது கையெழுத்து

பிப்ரவரி 12, புதன்

இன்று உறுதியானது: ஆவுடையம்மாள் தர்ம விடுதி நிற்கும் முப்பத்தெட்டு சென்ட் நிலம், கட்டடத்தோடு சேர்த்து, இருபத்தொன்பது ஆண்டுக் குத்தகைக்கு ஆவுடையம்மாள் ஸ்டோர்ஸ் பிரைவேட் லிமிடெட் கைக்குப் போயிருக்கிறது. பதிவான நாள் சென்ற நவம்பர் 14. ஆதாரம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் காலை 11.40க்கு நான் வாங்கிய வில்லங்கச் சான்று. இணையத்தில் திங்கட்கிழமையே பார்த்துவிட்டேன். முத்திரையோடு தாள் கைக்கு வரும்வரை எழுத வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

விடுதி பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிறது, சாலையைக் கடந்தால் போதும். நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் காசில்லாமல் தங்கலாம். அறுபது கட்டில். சமையல்கட்டில் எட்டு அடுப்பு. அரிசி பருப்பு அவரவர் கொண்டுவர வேண்டும், கேஸ் விடுதியுடையது. ஸ்டோர்ஸ் டவுனில் இருக்கிறது. நான்கு மாடி, பட்டுப்புடவையிலிருந்து ஜல்லிக்கரண்டி வரை கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே மஞ்சள் பலகை. அதனால் ஊரில் விடுதியைக் கடைச் சத்திரம் என்றுதான் சொல்வார்கள்.

மதியம் விடுதிக்குப் போனேன். வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பராமரிப்புப் பணி காரணமாக 28ஆம் தேதி மாலை 5 மணிக்குள் அனைவரும் காலி செய்ய வேண்டும். கீழே கையெழுத்து இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்.

நோட்டீசின் கீழே நின்றவர் பெயர் மாடத்தி. நாற்பது வயதிருக்கும். குருவிகுளம் பக்கம். கணவர் சுப்புக்குட்டி கொத்தனார், அவருக்கு வாயில் புற்று. வாரத்துக்கு ஐந்து நாளாக முப்பத்து மூன்று முறை கதிர் வைக்க வேண்டும். இன்றோடு ஒன்பது முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண். மாடத்தி குழைய வேகவைத்துக் கரைத்துத் தரும் கஞ்சி மட்டும் உள்ளே இறங்குகிறது. எடை குறைந்தால் கதிரை நிறுத்திவைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"பேப்பர்காரவுகளா? இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்கய்யா. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

வாசித்தேன்.

"அப்ப இவருக்கு?"

"இருபத்து நாலு பாக்கி இருக்கு. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள பன்னெண்டு முடியும்."

"மிச்சம் பன்னெண்டுக்கு ஊர்லேருந்து வரணுமாக்கும். மூணு பஸ்ஸு மாறணும்யா. இந்த வாயோட இவர ஏத்தி எறக்கி... கஞ்சிய எங்க வச்சுக் காய்ச்ச? பஸ்ஸு என்ஜின் மேலயா?"

பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கயத்தாறு அந்தோணியம்மாள் சிரித்துவிட்டார். "டிரைவருக்கும் ஒரு டம்ளர் குடுத்துரு" என்றார். மாடத்தியும் சிரித்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இந்த எடம் யாருதுய்யா?"

விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஸ்கூட்டருக்குக் காற்றடித்தேன். பின் டயர் மிகவும் தேய்ந்திருக்கிறது.


பிப்ரவரி 13, வியாழன்

மதுரை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் ஹரிகரசுதன் பேசினார். கடைக்கு அறுபதாம் ஆண்டு, சிறப்புப் பக்கம் வருகிறதாம். கடையையும் தர்மத்தையும் ஒப்பிட்டு அறுநூறு சொல்லில் ஒரு கட்டுரை, 22ஆம் தேதிக்குள். தலைப்பை விளம்பரப் பிரிவே கொடுத்துவிட்டது: 'ஒரே மரம், இரு கிளை'.

"மரம் ஒண்ணுதானான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பேச்சிமுத்து சார், இது சப்ளிமென்ட். புலனாய்வு பண்ணிடாதீங்க" என்றார்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கடை என்பது கம்பெனி. பங்குதாரர்கள் ஆறு பேர், எல்லோரும் ஒரே குடும்பம். கடை அவர்களுடையது. வாங்கி விற்பது, வந்த லாபத்தைப் பங்குப்படி பிரித்துக்கொள்வது, இவைதான் நோக்கம். அமைப்பு விதிகளிலேயே அச்சிட்டிருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. பிடிக்காவிட்டால் விற்கலாம், மூடலாம், யாரும் கேட்க முடியாது. என் சட்டைகளெல்லாம் அங்கே எடுத்தவைதான்.

விடுதி அறக்கட்டளை. இங்கே உரிமையாளர் என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறங்காவலர் ஐந்து பேர் உண்டு, ஆனால் அவர்கள் காவலர்கள். வாட்ச்மேனிடம் சாவி இருக்கிறது என்பதற்காக வீடு அவனுடையதாகாது. நிறுவியவருடையதா என்றால் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். தங்குகிறவர்களுடையதா? அவர்கள் விற்க முடியாது, ஆனால் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. கடைசியில் 'யாருமில்லை' என்று எழுதினேன். நோக்கம்: 'நோயுற்று வருவோர்க்கும் உடன் வருவோர்க்கும் தங்க இடமும் சமைக்க அடுப்பும்.' ஆக, கடைக்கு உடையவர்கள் உண்டு, அவர்களுக்காகவே அது நடக்கிறது. விடுதிக்கு உடையவர்கள் இல்லை, நடப்பது வேறு யாருக்காகவோ. மரம் ஒன்றல்ல.

ஆஸ்பத்திரி வாசலில் ஏழு பேரிடம் விடுதி யாருடையது என்று கேட்டேன். ஆறு பேர் கடைக்காரர்களுடையது என்றார்கள். ஏழாவது ஆள், பூ விற்பவர், "எனக்கு எதுக்குய்யா வம்பு" என்றார்.

மாலையில் குத்தகைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. அறங்காவலர் தீர்மானம் இணைக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் நடந்ததாகச் சொல்லும் நாள் அக்டோபர் 27, ஞாயிறு, காலை 11 மணி, விடுதிக் கூடம். கையெழுத்திட்டவர்கள்: கடையின் நிர்வாக இயக்குநர் ஆனந்தவேல், அவர் தாயார், சித்தப்பா, கடை மேலாளர். நால்வரையும் விசாரிக்க வேண்டும்.

காபி கொண்டுவந்த பிரமு தாளை எட்டிப் பார்த்தாள்.

"மேல அஞ்சு பேருன்னு எழுதியிருக்கிய. கீழ நாலுதான இருக்கு?"

"அப்புறமா எழுதிக்கலாம்."

"எழுதுங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். இருபத்தெட்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறாள்.


பிப்ரவரி 14, வெள்ளி

சிலிண்டர் வந்தது. விடுதிப் பக்கம் மூன்று முறை போய்த் திரும்பினேன். உள்ளே போகவில்லை.


பிப்ரவரி 15, சனி

செல்லையாவைப் பாளை மார்க்கெட் பக்கத்து டீக்கடைக்கு வரச்சொல்லியிருந்தேன். அறுபத்தொரு வயது. காலையில் கடையில் கணக்கர், மதியத்துக்கு மேல் விடுதியில் மேலாளர். வரும்போதே முகம் சரியில்லை.

"சம்பளம் கடைல அண்ணாச்சி. வேல ரெண்டு எடத்துலயும். பொண்டாட்டி ஒண்ணு, சமையல் ரெண்டு வீட்டுக்குங்கிற மாதிரி."

"அக்டோபர் 27 கூட்டம் எங்க நடந்தது?"

டீயை ஊதினார். மறுபடி ஊதினார்.

"சொல்லும்வே."

"ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி? எல்லாக் கூட்டமும் நடக்க எடத்துலதான் நடந்தது. என் ஸ்கூட்டர்ல."

தீர்மானப் புத்தகம் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால், அறங்காவலர் வீடு வீடாகப் போகும். ஒரு கையில் கடையின் இனிப்பு டப்பாவும் காலண்டரும், மறு கையில் புத்தகம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு குறி இருக்கும். போட்டதும் செல்லையா ரப்பரால் குறியை அழித்துவிடுவார். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். எழுதியதை அவரே படித்ததில்லையாம். டைப் அடித்துக் கடையிலிருந்து வரும், ஒட்டுவது மட்டும் இவர் வேலை.

"எம்புட்டு நல்ல மனுஷங்க, நம்மள சந்தேகப்படவே மாட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன் அண்ணாச்சி. இப்ப நோட்டீஸும் என்னையத்தான் ஒட்டச் சொன்னாங்க. அந்த மாடத்தியம்மா பசை வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது, என்ன ஒட்டுதேன்னு தெரியாம."

டீக்கு அவரே காசு கொடுத்தார், என்னை விடவில்லை.


பிப்ரவரி 17, திங்கள்

1971ஆம் வருடத்து அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. பதினொரு பக்கம். கையெழுத்துப் பிரதி, எழுத்து நன்றாக இருக்கிறது. நிறுவியவர் ஆனந்தவேலின் தாத்தா. ஒன்பதாவது பிரிவை இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'ஐவரில் ஒருவர் எமது குடும்பத்தைச் சேராதவராகவும், எமது கடையில் ஊதியம் பெறாதவராகவும், ஊரார் மதிப்புப் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். இந்நிலத்தையும் கட்டடத்தையும் குறித்த எந்த முடிவும் மேற்படி வெளியாளின் சம்மதமின்றிச் செல்லத்தக்கதன்று. எம் வாரிசுகளின் மேல் ஐயத்தால் அன்று. கடையும் தர்மமும் ஒரே கையில் இருந்தால் கை தன்னை அறியாமலே மாற்றிப் போட்டுவிடும் என்பதால்.'

அந்த மனிதர் எட்டாவது வரை படித்தவர்.

பிரிவை நான்கு முறை படித்தேன். நால்வர் கையெழுத்து மட்டும் இருந்திருந்தால் இந்தக் குத்தகை செல்லாது. ஐந்தாவது கையெழுத்துத்தான் பூட்டு.

சுப்புக்குட்டிக்கு இன்றோடு பன்னிரண்டு.


பிப்ரவரி 18, செவ்வாய்

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். பழைய குறிப்பேடுகளில் 2013ஆம் வருடத்தது மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தது. மேல்தட்டில் வைத்தேன்.


பிப்ரவரி 19, புதன்

ஆனந்தவேல் கடையின் நான்காம் மாடியில் சந்தித்தார். முப்பத்தாறு வயது. மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று வரவேற்றார்.

"நேரடியா பேசிடுறேன் சார். தாத்தா வாங்குன நெலம், தாத்தா கட்டுன கட்டடம். அம்பது வருஷமா அங்க எரியுற கேஸும் கரண்டும் கடை லாபத்துல போகுது. இப்ப அங்க ஒரு மருந்துக்கடை, லேப், கண்ணாடிக்கடை கொண்டு வரோம். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல அது சேவை இல்லையா?"

"வியாபாரம்."

"வியாபாரம் கெட்ட வார்த்தையா சார்?"

"இல்ல தம்பி. போட்டிருக்கிறது ஒங்க கடைச் சட்டைதான்."

சிரித்தார். "விடுதிய நாங்க மூடல. பைபாஸ்ல புதுசா கட்டுறோம். ஒம்பது கிலோமீட்டர். காலையும் சாயந்தரமும் வேன்."

"எப்ப முடியும்?"

"ஒன்றரை வருஷம்."

"இப்ப தங்கியிருக்கவங்க?"

"சார், எந்தத் தேதியில மூடினாலும் யாரோ ஒருத்தருக்கு வைத்தியம் பாதியிலதான் இருக்கும். அப்படிப் பாத்தா எதையுமே மாத்த முடியாது."

அவர் சொன்னது உண்மைதான். இதை நேர்மையாக எழுதிவைக்கிறேன்.

"தாத்தா எடத்தப் பேரன் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"எழுதிக் குடுத்த அன்னிக்கே அது தாத்தா எடம் இல்லாமப் போச்சு. அவருக்கே இல்லாததப் பேரன் எங்கேயிருந்து எடுக்க முடியும்?"

அவர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அஞ்சு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். நாலு கையெழுத்துல தேதி இல்ல. அஞ்சாவதுல மட்டும் தேதியும் இருக்கு. ரொம்பச் சுத்தமான கையெழுத்து."

பார்த்தேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் நான்கு மாடியும் இறங்கி வந்தேன்.


பிப்ரவரி 20, வியாழன்

எழுதிவிடுகிறேன். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.

2013இல் விடுதியைப் பற்றி மூன்று நாள் தொடர் எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஆனந்தவேலின் தந்தை வீடு தேடி வந்தார். ஒரு வெளியாள் வேண்டும், பெயருக்குத்தான், கௌரவம் என்றார். கௌரவம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. பத்திரிகைக்கும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு பதவி என்று தோன்றவில்லை என்று எழுத நினைத்தேன். சரியல்ல. சொன்னால் விட்டுவிடச் சொல்வார்கள் என்று தெரியும்.

சென்ற வருடம் அக்டோபர் 29, செவ்வாய் மாலை செல்லையா வந்தார். பென்சில் குறி இருந்தது. போட்டேன். தேதியும் போட்டேன், ஆனால் 27 என்று. செல்லையா, "மத்தவங்க போட்ட நாளே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். மற்ற யாரும் தேதியே போடவில்லை என்பதை நான் பார்க்கவில்லை. 27ஆம் தேதி 11 மணிக்கு நான் அம்பாசமுத்திரத்தில் ஆற்றங்கரைத் தூய்மைப் பணிக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். மறுநாள் ஏழாம் பக்கத்தில் என் பெயரோடு வந்திருக்கிறது. நடக்காத கூட்டத்தில் நான் இருந்ததாக நானே தேதியிட்டுச் சான்று கொடுத்திருக்கிறேன்.

பிரமுவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும். அன்னிக்கு என் கையில பாதுஷா டப்பா, ஒங்க கையில பேனா. ஊர்ல ஒருத்தன் வயசச் சொன்னாக்கூட ஒரிஜினல் சர்ட்டிபிகேட் இருக்கான்னு கேப்பிய. பேனாவ எடுத்த வேகத்தப் பாத்து நானே அசந்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? பாதுஷா நல்லாருந்துச்சுன்னுதான் சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "ஒங்க கையெழுத்து இல்லேன்னா அந்தக் குத்தகை நிக்காது. அப்படித்தான?"

"ஆமா."

"அப்ப அந்தக் கஞ்சிக்காரப் பிள்ள தெருவுக்குப் போறது கடக்காரங்களால மட்டும் இல்ல."

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. பாதியில் கை கழுவிவிட்டேன்.


பிப்ரவரி 21, வெள்ளி

காலை 9.30: ஹரிகரசுதனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "பன்னெண்டு வருஷமா சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நீங்க இதை எழுத முடியாது. செய்தியே நீங்கதான். வேற ஆள் அனுப்புறேன். மார்ச் 3 திங்கட்கிழமை மதுரைக்கு வந்து ஆசிரியரைப் பாருங்க" என்றார். சரியான முடிவு. அவர் இடத்தில் நானும் இதையேதான் செய்திருப்பேன்.

காலை 11: மாடத்தியையும் அந்தோணியம்மாளையும் வக்கீல் ஹமீதாவிடம் அழைத்துப் போனேன். பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். அங்கே தங்கியிருப்பவர்களைவிட அக்கறை உள்ளவர் யார்? ஹமீதா பத்திரங்களைப் புரட்டினார். தீர்மானத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இது நீங்களா சார்?"

"ஆமா."

"அப்ப இங்க உக்காரக் கூடாது. நீங்க ஐந்தாம் எதிர்மனுதாரர். வெளிய இருங்க. கடமை தவறுனீங்கன்னு மனுவுல எழுதுவேன். அதுல தயவு தாட்சண்யம் கெடையாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது. தட்டச்சு முடிந்ததும் ஹமீதா கையெழுத்துக்கு நீட்டியிருக்க வேண்டும்.

"வாசிச்சுக் காட்டுங்கம்மா" என்றார் மாடத்தி.

"ஒம்பது பக்கம் இருக்கும்மா. சாராம்சம் சொல்றேன்."

"சாராம்சம் வேண்டாம்மா. முழுசா."

நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை நிறுத்தினார். கணவர் கூலித் தொழிலாளி என்று போட்டிருந்தது. "கொத்தனாரும்மா. மேஸ்திரி ஆகப்போற நேரத்துல படுத்துட்டாரு." பிறகு இருபத்து நான்கு சிகிச்சை பாக்கி என்று வந்த இடத்தில், "அது போன வாரம் புதன்கிழமக் கணக்கு. இன்னிக்கோட பதினாறு முடிஞ்சாச்சு. பாக்கி பதினேழு" என்றார். ஹமீதா திருத்தி மறுபடி அச்சிட்டார்.

வெளியே வந்தபோது மாடத்தி என் எதிரே நின்றார். எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

"நீங்களும் போட்டிருக்கியளாய்யா?"

"போட்டிருக்கேன்."

அந்தோணியம்மாளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஆட்டோவில் அனுப்புகிறேன் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.


பிப்ரவரி 23, ஞாயிறு

என் பிரமாணப் பத்திரத்தை நானே எழுதினேன். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. நான்கு பக்கம் வந்தது, இரண்டாகக் குறைத்தேன். கூட்டம் நடக்கவில்லை. நான் அந்த இடத்தில் இல்லை. தீர்மானத்தைப் படிக்கவில்லை. நடக்காத நாளைத் தேதியாக எழுதினேன். என் சம்மதம் ஒன்பதாம் பிரிவு கேட்கும் சம்மதம் அல்ல. முதலில் 'நம்பிக்கையின் பேரில்' என்று ஒரு சொல் போட்டிருந்தேன். அடித்துவிட்டேன்.

செல்லையாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"என் பேரு வருதா அண்ணாச்சி?"

"வருது. புத்தகத்தக் கொண்டுவந்தது யாருன்னு சொல்லணும்ல."

இன்னும் நாலு வருடம் வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்.

"அப்ப வண்டி நம்பரையும் போட்டுருங்க. கூட்டம் நடந்த எடம்னு சரியா இருக்கணும்லா" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டார்.


பிப்ரவரி 24, திங்கள்

மனு தாக்கலானது. விடுதியைக் காலி செய்வதை நிறுத்திவைக்க அவசர மனுவும் சேர்த்து. விசாரணை 27, வியாழன். ஹரிகரசுதன் அனுப்பிய பெண் நிருபர் என்னிடம் ஒன்பது கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆவணம் கேட்டார்.


பிப்ரவரி 25, செவ்வாய்

செல்லையாவைக் கடையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தகவல்: அவர் மகள், போனில். உறுதி செய்துகொள்ள அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், "ஆமா" என்றார். நிற்கவைத்து அனுப்பவில்லை, மோர் கொடுத்தார். விடுதிக்குப் போவதை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தப்போவதில்லையாம். "அது அவங்க எடம் இல்லியே அண்ணாச்சி. வராதன்னு அவங்க எப்படிச் சொல்ல முடியும்?"

விடுதிப் பக்கம் போகவில்லை. டயர் மாற்றினேன்.


பிப்ரவரி 27, வியாழன்

மாவட்ட நீதிமன்றம், காலை 11.20க்கு அழைத்தார்கள். ஹமீதா இருபது நிமிடம் பேசினார். ஒன்பதாம் பிரிவை மெதுவாகப் படித்தார். கடைசி வரியை நீதிபதி இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

கம்பெனி தரப்பு வக்கீல் மூத்தவர். சுருக்கமாகப் பேசினார். புது இடத்தில் பெரிய விடுதி வரப்போகிறது, தர்மத்துக்கு நஷ்டம் இல்லை, ஐவரும் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். பிறகு என் பத்திரத்தை உயர்த்திக் காட்டினார்.

"இவர் முப்பத்து நாலு வருஷம் செய்தியாளர். ஆவணம் படிக்கிறதுதான் தொழில். இப்ப வந்து, படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றார். யார் நம்புவா யுவர் ஆனர்? படிச்சு, சம்மதிச்சுப் போட்டுட்டு, இப்ப ஊர் பேசுதுன்னு மாத்துறார்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "ஐந்தாம் எதிர்மனுதாரர் வந்திருக்காரா?"

எழுந்தேன். இந்த அறையில் பத்திரிகையாளர் பெஞ்சில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். நின்றது இல்லை.

"படிக்காமலா போட்டீங்க?"

"ஆமாங்கய்யா."

"ஏன்?"

அதற்கு நான் பத்திரத்தில் காரணம் எழுதவில்லை. யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் அந்த நேரத்தில் பொய்யாகப் பட்டன.

"பென்சிலால குறி போட்டிருந்தது" என்றேன். "வேற காரணம் இல்ல."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண் நிருபர் எழுதிக்கொண்டார். ஆனந்தவேல் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். இரு தரப்பையும் கேட்டாகிவிட்டது, இடைக்கால உத்தரவு நாளை என்றார். கையெழுத்துப் பற்றி என்ன நினைக்கிறார் என்று முகத்தில் எதுவும் தெரியவில்லை.

வராந்தாவில் மாடத்தி காத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"என்ன சொன்னாவ?"

"நாளைக்குப் பத்தரைக்குச் சொல்றாங்க."

"அஞ்சு மணிக்குக் காலி பண்ணணுமே."

"ஆமா."

"நிறுத்தச் சொல்லுவாகளா?"

முப்பத்து நாலு வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். "தெரியலம்மா" என்றேன்.

தலையை ஆட்டினார். விரல்விட்டு எண்ணினார்.

"ஒம்போதேகாலுக்கு இவர உள்ள கூப்புடுவாவ. வெளிய வரப் பத்து. நான் காலைலயே ரெண்டு நேரத்துக்கும் சேத்துக் காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்திருதேன். எங்க கெடந்தாலும் ராத்திரிக் கஞ்சிக்கு ஆச்சுல்லா." பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க பத்தரைக்கு இங்கனயே நில்லுங்க. பாதியக் கேட்டுட்டு ஓடி வராதிய" என்றார்.

நிலுவையில் இருப்பவை: காலி செய்வதை நிறுத்துவதா என்ற உத்தரவு, நாளை பிப்ரவரி 28, காலை 10.30. நோட்டீசின் கெடு, அதே நாள் மாலை 5. என் மேல் பத்திரிகையின் முடிவு, மார்ச் 3. குத்தகை செல்லுமா என்ற மூல வழக்குக்கு இன்னும் தேதி இல்லை. சுப்புக்குட்டிக்கு இருபது முடிந்தது, பதின்மூன்று பாக்கி. ஒரு நாள்கூட விடுபடாமல் போனால் மார்ச் 18, செவ்வாய்க்கிழமை முடியும்.